வேற்று நிலத்தில் முதல் வேட்டை

இந்தத் தொடரில் எனக்கு முன்னர் பேசியவர்கள் நாவல்களையும் கவிதைத் தொகுதிகளையும் எடுத்துக்கொண்டு பேசினார்கள். நான் ஒரு சாமான் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சிரித்துவிட வேண்டாம். அது ஒரு புத்தகத்துக்குள் இருக்கும் பட்டியல். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் நுவரெலியாவில் குடியிருந்த ஓர் ஆங்கிலேயர் தாழ்நாட்டுக் காட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது என்னென்ன கட்டிக்கொண்டு போனார் என்பதை அந்தப் பட்டியல் சொல்கிறது. பன்றித்தொடை, ஊறுகாய், தகரத்தில் அடைத்த சூப்பு, மான் இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளப் பழப்பாகு, குடிவகைகள், தாராளமாகச் சவர்க்காரம், தாராளமாக மெழுகுதிரி. காட்டில் போய் வீணாகக் கஷ்டப்படுவதில் எந்தப் பெருமையும் இல்லை என்பது அந்த மனிதரின் கட்சி. நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பெட்டிகளெல்லாம் தாமாக நடந்து போகவில்லை அல்லவா? அதைப் பற்றித்தான் இன்று பேச்சு.

அவர் பெயர் சாமுவேல் வைட் பேக்கர். ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்கள் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்த்திருப்பீர்கள், அதே பேக்கர். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய், 1864ஆம் ஆண்டில் அல்பேர்ட் ஏரியை உலகத்துக்கு அறிவித்துப் பெரும்புகழ் பெற்றவர். அந்தப் புகழுக்கு முன்னோட்டமாக அமைந்தது நம்முடைய மலைநாடு. 1850களில் அவர் இலங்கையைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று, இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும் என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்டது. மற்றது, இலங்கையில் தாம் அலைந்து திரிந்த எட்டு வருடங்களைப் பற்றியது. இரண்டையும் வேட்டைக்காரர்களுக்கான நூல்கள் என்று நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம். அது தவறு என்று நினைக்கிறேன். நம்முடைய மலைகளைப் பற்றி, அவற்றில் தேயிலை ஏறுவதற்கு முன்னர், கண்ணால் கண்டு எழுதப்பட்ட விரிவான உரைநடை இவற்றிலேதான் கிடக்கிறது. மழை நின்றபின் புல்வெளியில் மூடுபனி எப்படி எழும்பும் என்பதையும் ஆற்று மடுவில் மரை எப்படித் தலையைத் தூக்கி நிற்கும் என்பதையும் இந்த மனிதர் எழுதினால் வாசகன் குளிரில் நடுங்குவான்.

வேட்டை நமது இலக்கியத்துக்குப் புதிதல்ல. குறிஞ்சித் திணையே வேட்டுவரின் நிலம். வள்ளி வேட்டுவர் வளர்த்த பெண். ஆனால் சங்கப் பாட்டில் வருகிற வேட்டுவன் தன் மலையில் வேட்டையாடுகிறவன். எந்தப் பாறைக்குப் பின்னால் பன்றி படுக்கும், எந்தச் சுனைக்கு மான் இறங்கும் என்பது அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. அவனுக்குத் திட்டம் தேவையில்லை. பட்டியல் தேவையில்லை. வேற்று நிலத்துக்குப் போய் முதல் முறையாகப் பெருவிலங்கு வேட்டையாட நினைப்பவன் நிலை வேறு. அவனுக்குக் காடு தெரியாது, பருவம் தெரியாது, பாஷை தெரியாது. ஆகவே அவன் முன்கூட்டியே எல்லாவற்றையும் யோசித்து எழுதி வைக்கிறான். பேக்கரின் நூல்களிலே சுட்டதைவிட ஆயத்தம் செய்ததுதான் எனக்குச் சுவையாக இருக்கிறது.

இந்த ஆயத்தம் ஒரே நாளில் வந்ததல்ல. மொறீசியசில் குடும்பத்துக்குக் கரும்புத் தோட்டம் இருந்தது. அங்கேயிருந்து யானை வேட்டை ஆசையில் இலங்கைக்கு வந்து இறங்கினார். கொழும்பு அவருக்குப் பிடிக்கவில்லை. தூங்கி வழிகிற ஊர் என்று நினைத்தார். ஏறக்குறைய ஒரு வருடம் காடுகளில் அலைந்தார். முடிவில் காட்டுக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. உடம்பு தேற நுவரெலியாவுக்கு வந்தவர் இரண்டு வாரத்தில் எழுந்து நடமாடினார். அந்த இரண்டு வாரம் அவருடைய வாழ்க்கையை மாற்றியது. சீமைக்குத் திரும்பியும் நுவரெலியா மனதை விட்டுப் போகவில்லை. 1848இல் மறுபடி வந்தார். இம்முறை தனியாக வரவில்லை. பண்ணை மேற்பார்வையாளர், கொல்லன், குதிரைக்காரன், நல்ல சாதி மாடு, ஆடு, வேட்டைநாய்கள் என்று ஓர் ஆங்கிலக் கிராமத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

திட்டம் பெரிது. ஆனால் குதிரைக்காரன் ஒருவன் போதும், எந்தத் திட்டத்தையும் கவிழ்ப்பதற்கு. பேக்கரின் குதிரைக்காரன் நுவரெலியாவுக்கு ஏறும் வழியில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் விழுத்தினான். உதவிக்கு அரசாங்க யானையொன்றை அனுப்பினார்கள். அவன் அந்த யானையின் மேல் ஏறிக் குதிரையை ஓட்டுவதுபோல மலைப்பாதையில் ஓட்டினான். யானை செத்தது. யானையைக் கொல்ல ஆசைப்பட்டுக் கடல் கடந்து வந்தவருடைய கணக்கில் இப்படியும் ஒரு யானை. இந்த இடத்தைப் பேக்கர் எழுதியிருக்கும் நகைச்சுவைக்காகவே அந்தப் புத்தகத்தை வாசிக்கலாம்.

பேக்கரின் ஆயுதங்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்ற துப்பாக்கித் தொழிலாளரிடம் சொல்லிச் செய்வித்த ஒற்றைக் குழல் றைபிள் அவருடைய பிரதான ஆயுதம். அதன் நிறை 21 இறாத்தல். குண்டு மட்டும் 4 அவுன்ஸ் வரை வரும். இரட்டைக் குழல் துப்பாக்கிகள் ஒவ்வொன்றும் 15 இறாத்தல். அந்தக் காலத்துத் துப்பாக்கியை ஒருமுறை சுட்டால் மறுபடி வாய்வழியாக மருந்து கெட்டிக்க வேண்டும். அதற்குள் யானை மேலே வந்துவிடும். ஆகவே நாலைந்து துப்பாக்கிகளைக் கெட்டித்துத் தயாராக வைத்துக்கொண்டு பின்னால் ஆட்கள் நிற்க வேண்டும். துரை சுட்ட துப்பாக்கியைப் பின்னால் நீட்டுவார். நிறைத்த துப்பாக்கி கையில் வர வேண்டும். யானை துரையை நோக்கி ஓடிவரும்போது துரை கையில் ஆயுதம் இருக்கிறது. பின்னால் நிற்கிறவன் கையில் இருப்பதும் ஆயுதம்தான். ஆனால் அதை அவன் சுடக் கூடாது. ஓடாமல் நிற்க மட்டும் வேண்டும். இதில் யார் வீரன் என்று நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இனி, அந்தக் காடு யாருடையது என்ற கேள்வி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் காட்டு நிலம், தரிசு நிலம், பயிரிடாத நிலம் யாவும், வேறொருவர் உரிமையை நிரூபித்தாலொழிய, முடிக்குரியவை என்று வைத்துக்கொள்ளச் சொன்னது. அதாவது அரசாங்கக் காணி. எவரும் போய் வேட்டையாடலாம் என்ற அளவில் பொதுக் காணி. கையில் துப்பாக்கியும் காசும் உள்ளவர்களுக்குத்தான் அந்தப் பொது. அதே காணியைத்தான் தொடக்கத்தில் ஏக்கர் 5 சிலிங் என்ற விலைக்குக் கோப்பித் துரைமாருக்கு விற்றார்கள். பின்னர் விலை ஒரு பவுணாக ஏறியது; பேக்கர் நுவரெலியாவில் வாங்கியது அந்த ஒரு பவுண் விலைக்குத்தான். அங்கே அவர் விதைத்த பயிரை மரையும் காட்டுப்பன்றியும் வந்து தின்றுவிட்டன. வேட்டைநாய்களோடு அவற்றைத் துரத்தினார். அந்தப் பகுதியை வாசிக்கும்போது யார் யாருடைய காணிக்குள் வந்தார்கள் என்ற யோசனை எனக்கு வரத்தான் செய்தது.

யானைகளைப் பற்றி அக்காலத்து அரசாங்கத்தின் எண்ணம் இன்னும் எளிமையானது. யானை பயிருக்கு எதிரி. கொன்றால் தலைக்குச் சில சிலிங் சன்மானம். 1859இல் வெளியான எமர்சன் டெனன்டின் பெருநூலில் ஒரு கணக்கு இருக்கிறது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கொடுபட்டிருக்கிறது. டெனன்ட் கதை கட்டுபவர் அல்லர். குடியேற்றச் செயலாளராக இருந்தவர். மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒரே மனிதர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகவும் அவர் எழுதுகிறார். பதுளையில் உயர் உத்தியோகம் பார்த்தவர் ரொஜர்ஸ். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில், இன்று கோல்ப் மைதானமாக இருக்கும் இடத்தில், அவரது கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறையிலும் இடி விழுந்தது என்று ஊரில் சொல்வார்கள். ஊருக்கு ஒரு நியாயம் தேவைப்படுகிறது, கதை பிறக்கிறது.

மலையில் நாம் இன்று பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறுகிற பாதைகளுக்கும் யானைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. தெருக்களை அமைத்த மேஜர் ஸ்கின்னரின் காலத்தில், மலைக்கு ஏறுவதற்கு இலகுவான சரிவை யானைகள் ஏற்கெனவே கண்டுபிடித்துத் தடம் போட்டிருந்ததைக் கண்டு வியந்தார்கள். அந்த ஸ்கின்னரும் யானைகளைச் சுட்டுத் தள்ளியவர்தான். பாதை காட்டியவனுக்கு அந்தக் காலம் கொடுத்த கூலி அது.

பேக்கரின் நாய்களுக்கு வருகிறேன். கில்பக், ஸ்மட், பிரான் என்று ஒவ்வொரு நாய்க்கும் பெயர் உண்டு, குலம் உண்டு, குணம் உண்டு. எது பாய்ந்து கழுத்தைப் பிடிக்கும், எது காதைப் பிடிக்கும், எது புத்திசாலி, எது அவசரக்குடுக்கை என்றெல்லாம் எழுதுகிறார். சில நாய்களைப் பற்றி எழுதும்போது நல்ல நண்பனுக்கு எழுதும் இரங்கலுரை போலவே இருக்கிறது. துப்பாக்கி சுமந்தவர்களில் ஓரிருவரும் பெயரோடு வருகிறார்கள். ஆனால் நான் தொடக்கத்திலே சொன்ன பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள்? கூலிகள் என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். இத்தனை பெட்டி, இத்தனை நாய், இத்தனை கூலி. அவர்களில் ஒருவருடைய பெயராவது இருக்கிறதா என்று நான் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

பேக்கரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் அக்காலத்து மனிதர். நாய்களை நேசித்தார், அதை ஒளிக்கவுமில்லை. என் ஆதங்கம் வேறு. காட்டுக்குள் அன்று நடந்தது ஒரே பிரயாணம். அதற்கு இரண்டு ஆயத்தங்கள் இருந்திருக்க வேண்டும். பெட்டிக்குச் சொந்தக்காரனின் ஆயத்தம் புத்தகமாகி நம் கைக்கு வந்துவிட்டது. சுமந்தவனின் ஆயத்தம்? அவன் என்ன கட்டிக்கொண்டு போனான்? யாரிடம் சொல்லிவிட்டுப் போனான்?

காலம் போகப் போகச் சட்டம் வந்தது. 1891இல் யானை, குழுமாடு முதலியவற்றைக் கண்டபடி கொல்வதைத் தடுக்க ஒரு சட்டம். 1937இல் இன்று வரை திருத்தங்களோடு வழக்கிலுள்ள தாவர, விலங்குப் பாதுகாப்புச் சட்டம். காட்டைக் காப்பாற்ற நினைத்தவர்களில் பலர் அதே வேட்டைக்காரத் துரைமார்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரை தீர்ந்துபோகிறதே என்ற கவலை அவர்களுக்கு முதலில் வந்தது. ஆனால் அனுமதிப்பத்திரம் வந்தவுடன் வேட்டை இரண்டாகப் பிரிந்தது. கச்சேரியில் காசு கட்டிக் கடதாசி எடுத்தவன் வேட்டைக்காரன். கடதாசி இல்லாமல் வயிற்றுக்காகச் சுட்டவன் குற்றவாளி. இதை இலக்கியத்தில் கண்டவர் லெனாட் வூல்ப். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்துவிட்டுப் போய் 1913இல் அவர் வெளியிட்ட காட்டுக் கிராமத்து நாவலில் சிலிந்து என்றொரு வேட்டைக்காரன் வருகிறான். காடும் அவனும் ஒன்று. கிராமத் தலைவனும் கடன் கொடுத்தவனும் அவனைச் சுற்றி வளைக்கிறார்கள். காயம்பட்ட கிழட்டுக் குழுமாடு ஒருநாள் வேட்டைக்காரன் பக்கம் திரும்புவதுபோல அவன் திரும்புகிறான். பேக்கரையும் வூல்பையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஒரே நாட்டுக் காடு. துப்பாக்கியின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

ஹோட்டன் சமவெளியில் இன்று யானை இல்லை. 1969இல் அது இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய வனமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. மரை மட்டும் பெருகியிருக்கிறது. பழைய பார் இன் கட்டடத்தின் முன்னால், வாகனங்கள் நிற்கும் இடத்துக்கே வந்து நின்று பிள்ளைகளின் கையைப் பார்க்கிறது. உணவு கொடுக்காதீர்கள் என்று பலகை போட்டிருக்கிறார்கள். மலைநாட்டின் பெருவிலங்கு என்று இப்போது மிஞ்சியிருப்பது சிறுத்தை. அது தோட்டங்களுக்கு நடுவேயுள்ள துண்டுக் காடுகளில் வாழ்கிறது. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அகப்பட்டுச் சாகிறது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தையொன்று அப்படி அகப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தும் பிழைக்கவில்லை. சுருக்கு வைக்கிறவன் பட்டியல் எழுதுவதில்லை, பெயரும் போடுவதில்லை. அந்த வேட்டையைப் பற்றிப் பேசுவதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

சுமந்தவனின் ஆயத்தம் என்னவென்று கேட்டேனல்லவா? புத்தகத்தில் கிடைக்காத பதில் எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. தோட்டத்து மனிதர்களின் முகங்களை ஒவ்வொன்றாக எழுதிவைக்க வேண்டும் என்பதை எங்களுக்குக் காட்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்துப் பாடல்களைச் சேகரித்து 1983இல் அவர் நூலாக்கினார். அவரை வாசித்த பிறகுதான் தாத்தா சொன்ன கதையையும் நான் எழுதிவைத்தேன். அதுவரை அது வெறும் இரவுக் கதை.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம். 1930களின் நடுப்பகுதி. பெரியதுரை லீவில் சீமைக்குப் போயிருந்தார். சின்னதுரை நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் கிளப்பில் மரை வேட்டையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு ஆசை பிடித்துவிட்டது. நுவரெலியாக் கச்சேரியில் கடதாசி எடுத்தார். அயல் துரையிடம் ஐந்து வேட்டைநாய்களை இரவல் வாங்கினார். தை மாதம் மழை விட்டிருக்கும், ஆனால் இரவில் உறைபனி விழும் என்று யாரோ சொல்லக் கேட்டு, இரண்டு கம்பளிச் சட்டை கூடுதலாக எடுத்தார். கிளாக்கர் ஐயாவைக் கூப்பிட்டு இங்கிலீசில் ஒரு பட்டியல் எழுதுவித்தார். பாண், வெண்ணெய், தகரச் சாமான், விஸ்கி, தோட்டா. நாய்களுக்கு அரிசியும் கருவாடும் இத்தனை இறாத்தல் என்று தனியாக ஒரு வரி. கடைசி வரியில், எட்டு ஆள்.

அந்த எட்டு ஆளில் ஒருவர் என் தாத்தா. கங்காணி வந்து லயத்தில் சொன்ன அன்று இரவே அவர்களும் ஆயத்தம் செய்தார்கள். தாத்தா சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"உப்பைத் துணியில முடிஞ்சு ஒரு கம்பு நுனியில கட்டிக்கிட்டோம், அட்டைக்கு. காலுக்குச் சவுக்காரம் தேச்சுக்கிட்டா ஏறாது. ஆனா சவுக்காரத்துக்கு எங்கடா போறது? பொயிலையும் சுண்ணாம்பும் கசக்கித் தேச்சுக்கிட்டோம். சோத்தை உருட்டித் துணியில கட்டி, கொச்சிக்காச் சம்பல் ஒரு சிரட்டையில. கம்பளி ஆளுக்கு ஒண்ணு. முனியாண்டிக்கு ஒரு தேங்காய்."

பேக்கருடைய பட்டியலில் தாராளமாக இருந்த சவர்க்காரம் எனக்கு இந்த இடத்தில்தான் ஞாபகம் வந்தது.

தியகம வழியாக ஏறினார்கள். பெட்டியின் பாரம் தலையில், நாய்க் கயிறு ஒருவன் கையில். சின்னதுரை முன்னால் நடந்தார். முதல் அரை மைலுக்குள் அவருடைய சப்பாத்துக்குள் அட்டை புகுந்துவிட்டது. தாத்தா உட்கார்ந்து உப்பு முடிச்சால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். சின்னதுரைக்கு அதற்கு நன்றி சொல்லத் தமிழ் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் வேலை ஏவும் தமிழ். ஆகவே ஒரு சிகரெட் கொடுத்தார். எட்டுப் பேரும் அதை ஆளுக்கு ஓர் இழுப்பாக இழுத்தார்கள்.

மேலே போனபின் குளிர். வாளித் தண்ணீரின் மேல் காலையில் கண்ணாடிபோல ஐஸ் படர்ந்திருந்ததாம். துரை கட்டடத்துக்குள்ளே நெருப்பு மூட்டிப் படுத்தார். எட்டுப் பேருக்கும் நாய்ப்பட்டிக்குப் பக்கத்துக் கொட்டில். நடுச்சாமத்தில் குளிர் தாங்காமல் எழும்பி நாய்களுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். "நாய்ச் சூடு நல்ல சூடுடா" என்பார் தாத்தா. அவருக்கு அதில் அவமானம் ஒன்றும் இருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் நாய்கள் மோப்பம் பிடித்துக் காட்டுக்குள் போய்விட்டன. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஆற்றுப் பக்கத்தில் ஒரே குரைப்பு. ஓடிப்போய்ப் பார்த்தால், பெரிய கலை மரையொன்று மடுவுக்குள் மார்பளவு தண்ணீரில் நிற்கிறது. பின்னால் பாறை. முன்னால் நாய்கள். பழைய துரைமாரின் வழக்கப்படி வேட்டைக்காரன் கத்தியோடு தண்ணீருக்குள் இறங்க வேண்டும். பேக்கர் அப்படித்தான் செய்தார். அதிலேதான் அவருக்குப் பெருமை. சின்னதுரை கத்தியை உருவிக்கொண்டு கரையில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மரை கொம்பைத் தாழ்த்தி ஒரு நாயைக் குத்தித் தூக்கிப் பாறையில் அடித்தது. அது இரவல் நாய்.

"அந்தப் பொடியன் அழுதுட்டான்டா" என்று தாத்தா சொன்னார். துரையைப் பொடியன் என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு கத்தியை உறையில் போட்டுவிட்டு, துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். இரண்டாம் வெடிக்கு மரை விழுந்தது. தண்ணீருக்குள் இறங்கிக் கயிறு கட்டி இழுத்தவர்கள் தாத்தாவும் இன்னும் மூன்று பேரும்.

நான்காம் நாள் இறங்கினார்கள். கொம்பைத் தலையோடு சேர்த்துத் தாத்தா சுமந்தார். ஈரம் வேறு. இறக்கத்தில் கால் வழுக்கும்போதெல்லாம் கொம்பின் முனை பிடரியில் குத்தும். அந்தத் தழும்பை நாங்கள் தொட்டுப் பார்த்திருக்கிறோம். இறைச்சியைத் துரை தொழிலாளருக்கே கொடுத்துவிட்டார். கூறு போட்டு லயத்துக்கு லயம் பங்கு வைத்தார்கள். கொம்பு பங்களாச் சுவரில் ஏறியது. அதன் கீழே ஒரு பித்தளைத் தகடு. துரையின் பெயர், தேதி, கொம்பு எத்தனை அங்குலம் என்பது வரைக்கும் வெட்டியிருந்தார்கள். பங்களா அப்பு வந்து சொன்னது இது.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி என்பது மலையகத்து நேயர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலை செய்தால் செக்றோலில் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். தாத்தா வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, மரையைப் பற்றியல்ல. பேர் போட்டார்களா என்றுதான்.

போட்டிருந்தார்கள். எட்டு ஆளுக்கு நாலு நாள், முப்பத்திரண்டு பேர். சின்னதுரை அதில் நியாயமான மனிதர். ஆனால் செக்றோலில் வேட்டை என்று ஒரு வேலை கிடையாது. கணக்கப்பிள்ளை யோசித்துப் பார்த்து, ஏழாம் நம்பர் மலை, கான் வெட்டு என்று எழுதிவைத்தார். தாத்தா தம் ஆயுளில் போன ஒரே வேட்டையைப் பற்றி எழுத்தில் இருந்த ஒரே சான்று அந்த வரிதான்.

மூன்று மாதம் கழித்துப் பெரியதுரை சீமையிலிருந்து திரும்பி வந்தார். கணக்குப் பார்ப்பதில் வலு கெட்டிக்காரர். ஒரு நாள் காலையில் குதிரையில் ஏழாம் நம்பருக்கு வந்து, முப்பத்திரண்டு பேர் போட்டு வெட்டிய கான் எங்கே என்று கேட்டார். கணக்கப்பிள்ளை கங்காணியைப் பார்த்தார். கங்காணி எட்டுப் பேரையும் பார்த்தார். சின்னதுரை அன்று ஸ்டோருக்குள் ஏதோ வேலையாக இருந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் நாலு ஞாயிறு, எட்டுப் பேரும் பேர் இல்லாமல் போய் ஏழாம் நம்பரில் கான் வெட்டினார்கள். ஒன்றரை அடி அகலம், நல்ல ஆழம், மலையின் நடுப்பகுதியில் தொடங்கி ஆறு வரைக்கும். நான் சிறுவனாக இருந்தபோது தாத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டினார். மழை பெய்துகொண்டிருந்தது. தண்ணீர் நன்றாக ஓடியது.

"பார்த்தியா," என்றார். "இதுதான் நான் வேட்டைக்குப் போன கான்."